கன்வாஸ், கயிறு, நாலு முடிச்சு: ஜொகூர் மழையில் கேம்பிங் போகும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

நண்பர்களோடு கேம்பிங் போவது என்று வாட்ஸ்ஆப் குரூப்பில் முடிவாகிவிட்டது. செனாயில் இருப்பவர்களுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. மேற்கே 654 மீட்டர் உயர குனோங் பூலாய், வடகிழக்கே கோத்தா திங்கி நீர்வீழ்ச்சி. கேஸ் அடுப்பை யார் கொண்டுவருவது, மெகி எத்தனை பாக்கெட் என்பதெல்லாம் பேசியாச்சு. கன்வாஸ் பற்றி மட்டும் ஒரே ஒரு மெசேஜ்: "வழியில ஹார்ட்வேர் கடையில வாங்கிக்கலாம்."

ராத்திரி 2 மணிக்கு மழை பிடித்தால், அந்த ஒரு மெசேஜுக்கு எல்லோரும் சேர்ந்து நனைய வேண்டியிருக்கும்.

இங்கே மழை எப்படிப்பட்டது?

நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆண்டு இறுதி விடுமுறையும் இதே சமயத்தில்தான் வருகிறது.

2001 டிசம்பர் 27ஆம் தேதி, வாமேய் புயல் தென்கிழக்கு ஜொகூரில் கரையைக் கடந்தது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் புயல் உருவாவது மிக அபூர்வம். அப்போது செனாயில் 200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. குனோங் பூலாயில் ஏற்பட்ட நிலச்சரிவில் 4 வீடுகள் அழிந்தன, 5 பேர் உயிரிழந்தனர்.

அப்படிப்பட்ட மழை அடிக்கடி வராது. ஆனால் சாதாரண மழையையே கணக்குப் போட்டுப் பாருங்கள். 3க்கு 4 மீட்டர் கன்வாஸின் பரப்பு 12 சதுர மீட்டர். அதன் மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 120 லிட்டர் தண்ணீர், அதாவது 120 கிலோ. சரிவாகக் கட்டியிருந்தால் அத்தனையும் வழிந்து ஓடிவிடும். நடுவில் தொய்வாக இருந்தால் குளம் மாதிரி தேங்கும். துளை கிழிவதும் கயிறு அறுவதும் அப்போதுதான்.

எந்தக் கன்வாஸ் வாங்குவது?

கடையில் "அண்ணே, கன்வாஸ் இருக்கா?" என்று கேட்டால் பெரும்பாலும் நீலநிறப் பிளாஸ்டிக் விரிப்பைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். விலை மலிவு, தண்ணீரும் இறங்காது. ஆனால் கனம் அதிகம், காற்றில் படபடவென்று சத்தம் போடும், ஓரத்துத் துளைகள் சீக்கிரம் பிய்ந்துவிடும். காரை நிறுத்திய இடத்திலேயே தங்குவதென்றால் இது போதும்.

பையில் சுமந்து மலையேறப் போகிறீர்கள் என்றால், கேம்பிங் கடைகளில் விற்கும் 'ஃபிளைஷீட்' நல்லது. பூச்சு கொடுத்த பாலியெஸ்டர் அல்லது நைலான் துணி இது. லேபிளில் 1,500, 2,000, 3,000 மில்லிமீட்டர் என்று ஓர் எண் இருக்கும். அந்த உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் துணி கசியாது என்று அர்த்தம். நம்ம ஊர் மழைக்கு 2,000 அல்லது அதற்கு மேல் பாருங்கள். 2 பேருக்கு 3க்கு 3 மீட்டர் போதும். 4 பேர், கூடவே சமையல் இடமும் வேண்டுமென்றால் 4க்கு 4 மீட்டர் தேவைப்படும்.

ஓரத்துத் துளை பிய்ந்துவிட்டால் கன்வாஸைத் தூக்கிப் போட வேண்டாம். வழவழப்பான ஒரு சின்னக் கல்லை அந்த மூலையில் உள்ளிருந்து வைத்து, துணியோடு சேர்த்து அதன் கழுத்தில் கயிற்றைச் சுற்றிக் கட்டுங்கள். கல் நழுவாது, துணியும் கிழியாது.

எந்தக் கயிறு?

ராஃபியா கயிறு பொட்டலம் கட்டத்தான் லாயக்கு. வெயிலில் நைந்துபோகும், முடிச்சை அவிழ்க்கவும் முடியாது.

எல்லோரும் சொல்வது பாராகார்ட். '550' என்ற எண், அது குறைந்தது 550 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 250 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கிறது. போலியும் நிறைய விற்கிறது. நுனியை வெட்டிப் பாருங்கள்: உள்ளே 7 இழைகளாவது இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் முறுக்கிய நூலாக இருக்க வேண்டும். பஞ்சு மாதிரி இருந்தால் வாங்காதீர்கள்.

பாராகார்டிலும் ஒரு குறை உண்டு. அது நைலான். நனைந்தால் நீளும். சாயங்காலம் விறைப்பாகக் கட்டியது நடு இரவில் தொய்ந்துவிடும். பாலியெஸ்டர் கயிறு அவ்வளவாக நீளாது. ஆகவே நடுக்கயிற்றுக்கு 4 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் 10 முதல் 15 மீட்டர், மூலைகளுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் கயிறு தலா 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டார்ச் ஒளியில் மின்னும் வகையாக இருந்தால் இருட்டில் யாரும் தடுக்கி விழமாட்டார்கள்.

எத்தனை முடிச்சு தெரிய வேண்டும்?

நாலே நாலு. பள்ளியில் சாரணர் இயக்கத்தில் இருந்தவர்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும்.

பவுலைன்: முதல் மரத்துக்கு. கயிற்றில் ஒரு சின்ன வளையம் போடுங்கள். நுனியை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, வளையத்துக்குள் கீழிருந்து மேலே விடுங்கள். நீளக் கயிற்றின் பின்னால் ஒரு சுற்று, மறுபடியும் அதே வளையத்துக்குள் கீழே. இறுக்குங்கள். எவ்வளவு இழுத்தாலும் சுருங்காது, அவிழ்ப்பதும் சுலபம்.

லாரிக்காரர் முடிச்சு: இரண்டாவது மரத்துக்கு. கயிற்றின் நடுவில் உருவினால் அவிழும் ஒரு வளையம் போட்டு, நுனியை மரத்தைச் சுற்றி அந்த வளையத்துக்குள் நுழைத்துப் பின்னால் இழுங்கள். கப்பி மாதிரி வேலை செய்யும். கடைசியில் இரண்டு அரைச்சுற்று போட்டு நிறுத்துங்கள்.

புருசிக்: கன்வாஸின் இரு முனைகளையும் நடுக்கயிற்றில் பிடித்து வைக்க. மெல்லிய கயிற்றில் செய்த ஒரு வளையத்தை நடுக்கயிற்றின் மேல் மூன்று முறை சுற்றி, அதற்குள்ளேயே நுழைக்கவும். கையால் தள்ளினால் நகரும், பாரம் விழுந்தால் பிடித்துக்கொள்ளும்.

டாட்லைன்: தரையில் அடித்த ஆணிகளுக்கு. முடிச்சை மேலும் கீழும் நகர்த்தியே கயிற்றை இறுக்கலாம். மழையில் கயிறு தொய்ந்தால் அவிழ்க்காமலேயே சரிசெய்யலாம். வழுக்கும் கயிறு என்றால் ஒரு சுற்று கூடுதலாகப் போடுங்கள்.

ரொம்ப இறுக்கினால் நல்லதுதானே?

இல்லை. கயிற்றின் நடுவில் 10 கிலோ தொங்குகிறது என்று வையுங்கள். கயிறு இரு பக்கமும் 30 டிகிரி சாய்ந்திருந்தால், ஒவ்வொரு பக்கமும் 10 கிலோ இழுவை. 5 டிகிரி மட்டுமே சாய்ந்திருந்தால் அதுவே ஏறக்குறைய 57 கிலோ! முடிச்சு போட்ட இடத்தில் கயிற்றின் பலம் ஏற்கனவே குறைவு. அதனால் கொஞ்சம் தாழ விடுங்கள். கன்வாஸை மட்டும் நல்ல சரிவாக, காற்று வரும் பக்கம் தாழ்வாகக் கட்டுங்கள்.

இன்னொரு விஷயம். மழைநீர் மரத்திலிருந்து கயிறு வழியாகவே உள்ளே வரும். கன்வாஸ் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு துண்டு நூலைக் கட்டித் தொங்கவிட்டால், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

எங்கே கட்டக் கூடாது?

எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். 2022 டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலையில், சிலாங்கூர், பத்தாங் காலியில் ஒரு முகாம் தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் உயிரிழந்தனர். எந்த முடிச்சும் மண்ணைத் தடுக்காது.

செங்குத்தான சரிவின் கீழே தங்காதீர்கள். ஆற்றோரமும் வேண்டாம்: உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும், மேலே மலையில் பெய்த மழை 'கெப்பாலா ஆயர்' ஆகச் சில நிமிடங்களில் வந்துவிடும். தண்ணீர் திடீரென்று கலங்கி, இலை தழை அடித்து வந்தால் பொருள்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். காய்ந்த கிளை இருக்கும் மரத்தில் கட்டாதீர்கள். இடி மின்னலுக்குக் கன்வாஸ் பாதுகாப்பு இல்லை, காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள்.

கிளம்பும் முன் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் 'மைச்சுவாச்சா' செயலியில் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். வனப் பகுதி என்றால் வனத்துறை அனுமதி தேவையா என்று கேளுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அவசர எண் 999.

முடிச்சுகளை வீட்டு கேட்டிலோ நாற்காலிக் காலிலோ இன்றைக்கே போட்டுப் பழகுங்கள். கண்ணை மூடிக்கொண்டு போட முடிகிறதா? அப்படியென்றால் ராத்திரி 2 மணி மழையிலும் முடியும்.