நாட்டுக்காக ஆடினால் காலுக்கு யார் பொறுப்பு?

2014 ஆகஸ்ட் 1. லாஸ் வேகாஸில் அமெரிக்கக் கூடைப்பந்து அணியினர் தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஒரு காட்சி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுமில்லாத ஆட்டம். நான்காவது கால்பகுதியில் ஜேம்ஸ் ஹார்டன் பந்தோடு கூடையை நோக்கிப் பாய, தடுக்கப் பின்னாலேயே எகிறினார் பால் ஜார்ஜ். கால் ஊன்றிய இடத்தில் கூடையைத் தாங்கும் தூணின் அடிப்பாகம் இருந்தது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன. சக வீரர்கள் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். பயிற்சியாளர் மைக் ஷஷெஃப்ஸ்கி மைக்கை வாங்கி, ஆட்டத்தை இத்தோடு நிறுத்துகிறோம் என்று அறிவித்தார். அன்றிரவே அறுவை சிகிச்சை.

அப்போது ஜார்ஜுக்குச் சம்பளம் கொடுத்தது, என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீக்கில் ஆடும் இண்டியானா பேசர்ஸ். அதற்கு முந்தைய இரண்டு சீசன்களிலும் கிழக்குப் பிரிவின் இறுதிச்சுற்று வரை வந்த அணி. அவரோடு போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் அந்த சீசனில்தான் தொடங்கவிருந்தது. அவர் மறுபடி களமிறங்க 2015 ஏப்ரல் 5 ஆனது. அந்த சீசனில் அவர் ஆடியது ஆறே ஆட்டங்கள். பேசர்ஸ் 38 வெற்றி, 44 தோல்வியோடு பிளே-ஆஃபுக்கு வெளியே நின்றது.

டல்லாஸ் அணியின் அப்போதைய உரிமையாளர் மார்க் கியூபன் கொதித்தார். பல காலமாக அவர் சொல்லிவந்ததுதான்: வீரனுக்குச் சம்பளம் நாங்கள் கொடுக்கிறோம், வருமானம் ஒலிம்பிக் கமிட்டிக்குப் போகிறது, கால் உடைந்தால் நஷ்டம் எங்கள் தலையில். கணக்கு சரிதான், ஆனால் பாதிக் கணக்கு. கோடையில் இந்த வீரர்கள் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பதில்லை. ஏதாவது ஒரு ஜிம்மில் ஒருவரோடொருவர் மோதி ஆடிக்கொண்டுதான் இருப்பார்கள். அங்கேயும் முழங்கால் திரும்பும். தேசிய அணிக்கு ஆடினால் ஒப்பந்தத் தொகைக்குக் காப்பீடாவது உண்டு. காப்பீடு திருப்பித் தராதது ஒன்றுதான், போன சீசன். லாஸ் வேகாஸ் தூண், என்.பி.ஏ. அரங்குகளில் இருப்பதைவிட எல்லைக் கோட்டுக்கு நெருக்கமாக வைக்கப்பட்டிருந்தது என்ற பேச்சும் அப்போதே எழுந்தது. அப்படியானால் பழி நாட்டுப்பற்றின் மீதா, தூணை அங்கே வைத்தவர் மீதா?

ஆனால் அதிகம் இழந்த பேசர்ஸ் தலைவர் லேரி பேர்ட் கூச்சல் போடவில்லை. அமெரிக்க அணியை இனியும் ஆதரிப்போம் என்றார். முதுகுவலியோடு 1992 பார்சலோனா ஒலிம்பிக்ஸில் ஆடி, அதோடு ஓய்வு பெற்ற மனிதர் வேறென்ன சொல்வார்? ஜார்ஜும் 2016இல் ரியோவுக்குப் போய்த் தங்கம் வாங்கிவந்தார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை.

எனக்கு உறுத்துவது யாவ் மிங்கின் கதை. ஏழரை அடி உயரம். 2002இல் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது, நாடு கூப்பிடும்போதெல்லாம் வந்து ஆட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சீனா அனுப்பியது. என்.பி.ஏ. சீசன் முடிந்தால் சீன அணியின் முகாம். அது முடிந்தால் மறுபடி ஹூஸ்டன். அந்த உடம்புக்கு ஓய்வே கிடையாது. 2008 தொடக்கத்தில் இடது பாதத்தில் எலும்பு விரிசல் விட்டது. மார்ச்சில் அறுவை சிகிச்சை. ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸின் தொடக்க விழாவில், சிச்சுவான் பூகம்பத்தில் உயிர் தப்பிய ஒன்பது வயதுச் சிறுவன் லின் ஹாவ் பக்கத்தில் நடந்துவர, தேசியக் கொடியை ஏந்தி வந்தார். அவருக்கும் அதில் மனசு இல்லாமல் இல்லை. பெய்ஜிங்கில் ஆட முடியாமல் போனால் அதுதான் பெரிய இழப்பு என்று சொல்லியிருந்தார். ஆனால் ‘வரவில்லை’ என்று அவரால் சொல்லியிருக்க முடியுமா? அடுத்த ஆண்டு பிளே-ஆஃபில் அதே பாதம் மறுபடி விரிசல் விட்டது. 2009-10 சீசன் முழுவதும் ஆடவில்லை, அதற்கடுத்த சீசனில் ஐந்து ஆட்டங்கள். 2011 ஜூலையில் ஓய்வை அறிவித்தபோது வயது முப்பதுதான். கோடை ஆட்டங்கள்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அத்தனை உயரத்தையும் எடையையும் தாங்கும் பாதம் எப்படியும் தேய்ந்திருக்கும். ஆனால் ஓய்வெடுத்துப் பார்க்கும் வாய்ப்பே அதற்குத் தரப்படவில்லை.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி. 2008 ஒலிம்பிக் அரையிறுதியில் கணுக்காலில் அடிபட்டு, அறுவை சிகிச்சையும் ஆகி, சீசனின் தொடக்கத்தில் ஆட முடியாமல் போனார். அவருடைய என்.பி.ஏ. அணியான சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அதை மறக்கவில்லை. காயம் இல்லாத வீரரை நாட்டுக்கு ஆடவிடாமல் அணி தடுக்க முடியாது. மருத்துவக் காரணம் இருந்தால் தடுக்கலாம். 2014இல் அவர் வலது காலில் எலும்பு விரிசல் இருந்தது. அந்தக் காலோடுதான் ஜூன் மாதம் ஸ்பர்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்திருந்தார். தங்கள் கோப்பைக்கு ஆகிவந்த கால், உலகக் கோப்பைக்கு மட்டும் ஆகாது என்றது நிர்வாகம். அவர் ஏமாற்றத்தோடு விலகினார். 2016இல் ரியோவுக்குப் போக யாரும் தடை சொல்லவில்லை. அப்போது அவருக்கு வயது 39. காலிறுதியில் அமெரிக்காவிடம் 78-105 என்று தோற்றதுதான் அர்ஜென்டினாவுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம்.