புளிக்குழம்பா எலும்பைக் கரைக்கிறது?

நியூஜெர்சி எடிசனில், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டில், டெக்சாஸின் பிளேனோவில் என்று நம்மவர் வீட்டுச் சமையலறைகளில் ஆல்கலைன் வாட்டர் மெஷின் இடம்பிடித்து வருகிறது. உடம்பில் அமிலம் ஏறினால் அது எலும்பிலுள்ள கால்சியத்தை உருவிவிடும் என்று சொல்லித்தான் பலர் அதை விற்கிறார்கள். இதை நம்பி, ஊரிலிருந்து வந்த அம்மாவுக்குப் புளிக்குழம்பை நிறுத்துகிறார்கள். பிறகு தயிர், முட்டை, பருப்பு என்று ஒவ்வொன்றாக நிற்கிறது. இதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தப் பயத்துக்கு ஓர் அறிவியல் வேர் உண்டு. இறைச்சி, முட்டை, தானியம் ஆகியவற்றின் புரதத்தில் கந்தகம் இருக்கிறது. செரித்தபின் அது அமிலமாகிறது. அதைச் சமன்செய்ய எலும்பு தன் கார உப்புகளைக் கொடுத்துக் கொடுத்தே தேய்கிறதோ என்று 1968-ல் வாக்மன், பெர்ன்ஸ்டைன் இருவரும் 'லான்செட்' இதழில் கேட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆன்டனி செபாஸ்டியன் குழு அதைச் சோதித்தது. மாதவிடாய் நின்ற 18 பெண்களுக்கு 18 நாள் பொட்டாசியம் பைகார்பனேட் கொடுத்தார்கள். சிறுநீரில் போகும் கால்சியம் குறைந்தது. எலும்பு உருவாவதற்கான அறிகுறியும் கூடியது. 1994-ல் வெளியான இந்த முடிவு பெரும் நம்பிக்கையைக் கிளப்பியது.

ஆனால் 18 நாளில் சிறுநீர் காட்டுவது வேறு, ஆண்டுக்கணக்கில் எலும்பின் அடர்த்தி காட்டுவது வேறு. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பெண்களுக்கு இரண்டு ஆண்டுகள் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் வந்த முடிவின்படி எலும்பு அடர்த்தியில் பலன் இல்லை. சுவிட்சர்லாந்தின் சோதனைகளில் சிறிது பலன் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவின் டேனிஸ் ஃபென்டன் 2009-லும் 2011-லும் ஆய்வுகளைத் திரட்டி அலசி, அமிலக் கொள்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார். புரதம் மிகுந்தால் சிறுநீரில் கூடும் கால்சியமோ பெரும்பாலும் எலும்பிலிருந்து வருவதல்ல, குடல் கூடுதலாக உறிஞ்சியது என்று கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஜேன் கெர்ஸ்டெட்டர் குழு 2005-ல் காட்டியது. மாசசூசெட்ஸின் ஃபிராமிங்ஹாமில் முதியவர்களை ஆராய்ந்தபோது, மிகக் குறைவாகப் புரதம் உண்டவர்களே எலும்பை அதிகம் இழந்திருந்தார்கள்.

ரத்தத்தின் அமில-கார அளவான பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில்தான் நிற்கும். நுரையீரலும் சிறுநீரகமும் அதைக் காத்துக்கொண்டே இருக்கின்றன. சிறுநீரில் நனைத்த பி.எச். பட்டையின் நிறம் மாறினால் சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது என்றே பொருள். கார நீரும் வயிற்றில் இறங்கியதும் அங்குள்ள கடுமையான அமிலத்தில்தான் கலக்கிறது. எலுமிச்சை நாக்குக்குத்தான் புளிப்பு. உடம்பு அதிலுள்ள சிட்ரேட்டை எரித்தபின் மிஞ்சுவது காரம். சிறுநீரக நோயாளிகள் கதை வேறு: அவர்களுக்கு ரத்தத்தில் அமிலம் தேங்கி எலும்பு பாதிக்கப்படலாம், பொட்டாசியமும் ஆபத்தாகலாம். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது.

காயும் கீரையும் பழமும் நிறையச் சாப்பிடுங்கள், அவை நல்லவை. அதற்காகப் புரதத்தைக் குறைக்காதீர்கள். சைவ வீடுகளில் சோறும் ரசமும் நிறைய, பருப்பு ஒரு கரண்டி என்றுதானே தட்டு இருக்கிறது! ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஒரு கப் பாலில் கிடைப்பது ஏறக்குறைய 300, நூறு கிராம் கேழ்வரகில் அதைவிடச் சற்று அதிகம். கால்சியத்தை உடம்பு உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும் என்பதால் வெயிலும் கணக்கில் வர வேண்டும். பாஸ்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலால் தோலில் வைட்டமின் டி உண்டாவதில்லை என்று 1988-லேயே கண்டார்கள். நியூஜெர்சி சற்றே தெற்கே இருந்தாலும், கறுத்த தோலோடு கோட்டுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கும் நமக்கு அங்கேயும் நிலைமை பெரிதாக மாறாது.

மெஷினுக்குப் பணம் எடுத்துவைத்திருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அம்மாவுக்கு 65 வயது ஆகியிருந்தால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு அழைத்துப் போங்கள். வைட்டமின் டி-யைப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தினமும் அவருடன் நடங்கள். புளிக்குழம்பையும் தயிரையும் அவருக்குத் திருப்பிக் கொடுங்கள்.