திரையில் குற்றவாளிக்கு ஊர், சாதி, நிறம் கொடுப்பது யார்?

சென்னையிலோ பெங்களூருவிலோ புதிதாக வேலைக்குச் சேரும் ஒருவர் தன் ஊர் ஆரல்வாய்மொழி என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "அது எங்கப்பா இருக்கு?" என்று கேள்வி வரும். "திருநெல்வேலி தாண்டி, நாகர்கோவிலுக்கு முன்னாடி" என்று பதில் சொன்னால், அடுத்து பெரும்பாலும் வருவது இதுதான்: "அய்யோ, அருவா ஏரியாவா? பார்த்துதான் பேசணும் போல!"

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போவார். ஆனால் இந்த 'ஜோக்' எங்கிருந்து வந்தது?

ஆரல்வாய்மொழிக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பது மலைக்கணவாய், முப்பந்தல் பக்கம் வரிசையாகச் சுற்றும் காற்றாலைகள், பக்கத்திலேயே தோவாளை பூச்சந்தை. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. திருநெல்வேலியில் இருந்து பேச்சும் வரலாறும் கொஞ்சம் வேறான ஊர். ஆனால் சினிமாவுக்கு மதுரையைத் தாண்டினாலே எல்லாம் ஒரே ஊர்தான்: மீசை, மடித்துக் கட்டிய வேட்டி, முதுகில் செருகிய வீச்சரிவாள்.

குற்றக் கதைகள் இந்த ஊர்களுக்குப் புதுசா?

இல்லை. நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் கோயில் கொடைகளில் பாடப்படும் வில்லுப்பாட்டில் கொலையும் களவும் நிறையவே உண்டு. ஆனால் அங்கே கதை பெரும்பாலும் கொல்லப்பட்டவரின் பக்கம் நிற்கும். அநியாயமாகச் செத்தவர்தான் தெய்வமாகிறார். முத்துப்பட்டன் கதையில் மாடு திருட வந்தவர்களோடு மோதி உயிர்விட்ட பட்டனுக்குத்தான் பாட்டு. திருடர்களுக்கு அல்ல.

சினிமா இதைத் திருப்பிப் போட்டது. அரிவாள் பிடித்தவரே கதையின் மையம் ஆனார். 1994-ல் பிரதாப் போத்தன் இயக்கத்தில் நெப்போலியன் நடித்து வந்த 'சீவலப்பேரி பாண்டி' இதற்கு நல்ல உதாரணம். ஜூனியர் விகடனில் வந்த தொடரை வைத்து எடுக்கப்பட்ட, நிஜ மனிதர் ஒருவரின் கதை அது. அவர் ஏன் கத்தி எடுத்தார் என்பதற்கு ஒரு காரணமும் வலியும் படத்தில் இருந்தன. பிறகு வந்த பல மசாலா படங்கள் அந்தக் காரணத்தை விட்டுவிட்டு அரிவாளை மட்டும் எடுத்துக்கொண்டன. அப்படித்தான் ஒரு மனிதரின் கதை ஒரு வட்டாரத்தின் அடையாளமாக மாறியது.

குற்றம் சாட்டப்பட்டாலே குற்றவாளியா?

திரையில் போலீஸ் ஒருவரைப் பிடித்தாலே பாதிக் கதை முடிந்துவிடும். நிஜத்தில் அப்படி இல்லை என்பதற்கு நாஞ்சில் நாட்டுக்காரர் ஒருவரே சாட்சி. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்.

1944 நவம்பரில் சென்னையில் 'இந்துநேசன்' பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். நடிகர், நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதி வந்தவர் அவர். இந்த வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. வழக்கு திரும்பவும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 1947-ல் இருவரும் விடுதலையானார்கள்.

இடையில் ஏறக்குறைய இரண்டு வருடம் அவர்கள் சட்டப்படியே கொலைக் குற்றவாளிகள். விடுதலைக்குப் பிறகு கலைவாணர் மீண்டும் ஜெயித்தார். பாகவதரின் திரை வாழ்க்கை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. நீதிமன்றம் கொடுத்த விடுதலையால் மட்டும் மக்கள் மனதில் பதிந்த பெயரை மாற்ற முடியவில்லை.

நிஜக் குற்றவாளியின் கதையை யார் வேண்டுமானாலும் எடுக்கலாமா?

இந்தக் கேள்விக்கு நாடு முழுக்க மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு தமிழ்நாட்டில் இருந்து போனதுதான். கொலை வழக்குகளில் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை வெளியிட நக்கீரன் முயன்றது. சிறைத்துறை எதிர்த்தது. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சுருக்கம் இது:

• நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட யாருடைய அனுமதியும் தேவையில்லை.

• அதைத் தாண்டி ஒருவரின் குடும்பம், அந்தரங்க வாழ்க்கை பற்றி எழுத அவருடைய சம்மதம் வேண்டும். மீறினால் அவர் வழக்குப் போடலாம்.

• பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது.

• அவதூறு வரும் என்று பயந்து அரசோ அதிகாரிகளோ முன்கூட்டியே தடை போட முடியாது.

ஆட்டோ சங்கர் 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். 2019-ல் அவர் கதை ஜீ5-ல் வெப் சீரிஸாக வந்தது. வீரப்பன் கதை மக்கள் டி.வி.யில் 'சந்தனக்காடு' தொடராக வந்து, பிறகு சினிமா, ஓ.டி.டி. ஆவணத் தொடர் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. தமிழில் 'ட்ரூ க்ரைம்' இன்று பெரிய சந்தை. ஆனால் இவற்றில் கொல்லப்பட்டவர்களின் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

ஒரு சமூகத்தையே குற்றவாளியாகக் காட்டினால்?

ஊர் முத்திரையை விட ஆபத்தானது இது. 1871-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம், சில சமூகங்களில் பிறந்தாலே குற்றவாளி என்றது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகைப் பதிவு, இரவில் போலீஸ் நிலையத்தில் ஆஜராவது எல்லாம் கட்டாயம். சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுக்க 1952-லும் சட்டம் போனது. முத்திரை போகவில்லை. சீர்மரபினர் மீதான இந்தப் பார்வை சிறை விதிகளில்கூட இருந்ததை 2024 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

நெடுஞ்சாலையோர வீடுகளில் கொள்ளையும் கொலையும் செய்த கும்பலைத் தமிழ்நாடு போலீஸ் தேடிப் பிடித்ததை வைத்து எடுத்த 'தீரன் அதிகாரம் ஒன்று' (2017) விறுவிறுப்பான படம். அதில் 'குற்றப்பரம்பரை' என்ற சொல் வந்ததற்கு எதிர்ப்பு கிளம்பி, படக்குழு வருத்தம் தெரிவித்தது. கும்பலின் குற்றத்துக்கும் சமூகத்தின் பிறப்புக்கும் நடுவில் உள்ள கோட்டை ஒரு சொல் அழித்துவிடும் என்பதுதான் அந்த எதிர்ப்பின் சாரம்.

மறுபக்கமும் உண்டு. 'விசாரணை' (2015), 'ஜெய் பீம்' (2021) இரண்டும் போலீஸ் எப்படிக் 'குற்றவாளியைத் தயாரிக்கிறது' என்று காட்டின. 'ஜெய் பீம்' படத்துக்கு ஆதாரமான 1993 சம்பவத்தில் காவலில் இறந்தவர் குறவர் சமூகத்தவர். படம் அவரை இருளராகக் காட்டியது என்ற விமர்சனம் வந்தது. வில்லன் போலீஸ்காரர் வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டர் ஒரு சமூகத்தைக் குறிப்பதாகப் புகார் எழ, அது மாற்றப்பட்டது. நல்ல நோக்கத்தோடு எடுத்த படத்திலும் பாதிக்கப்பட்டவர் யார், கொடுமை செய்தவர் யார் என்ற அடையாளம் எவ்வளவு கனமானது என்பதற்கு இது உதாரணம்.

வாச்சாத்தி இன்னும் கசப்பானது. 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று போன அதிகாரிகள், அந்த ஊரையே கடத்தல்காரர்களாக நடத்தினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011-ல் தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. எல்லோருமே அரசு ஊழியர்கள். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது.

சென்சார் என்ன செய்கிறது?

வன்முறையைப் பெருமைப்படுத்தக் கூடாது, குற்றம் செய்யும் முறையை விளக்கிக் காட்டக் கூடாது, எந்தப் பிரிவினரையும் இழிவுபடுத்தக் கூடாது என்று 1991-ன் தணிக்கை வழிகாட்டுதலே சொல்கிறது. நடைமுறையில் கத்தரி விழுவது பெரும்பாலும் ரத்தத்துக்கும் கெட்ட வார்த்தைக்கும்தான். வில்லன் எந்த ஊர்ப் பேச்சு பேசுகிறான், என்ன நிறத்தில் இருக்கிறான் என்பதை 'கட்' செய்ய வழியில்லை. ஓ.டி.டி.க்குத் திரைக்கு முந்தைய தணிக்கையே கிடையாது. 2021-ன் ஐ.டி. விதிகளின்படி வயது வகைப்பாடும் புகார் அமைப்பும் உண்டு. புகார் கொடுக்க விரும்புபவர் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். 15 நாட்களுக்குள் பதில் வர வேண்டும்.

அப்போ பார்க்கவே கூடாதா?

தாராளமாகப் பார்க்கலாம். அடுத்த க்ரைம் சீரிஸை ஓட்டும்போது மூன்று விஷயங்களை மட்டும் கவனித்தால் போதும். இவர் தண்டிக்கப்பட்டவரா, சந்தேகத்தில் பிடிபட்டவரா? செத்தவருக்கு ஒரு பெயரும் வீடும் கதையில் உண்டா? வில்லனின் ஊரையும் பேச்சையும் மாற்றினால் கதை நிற்குமா? மூன்றாவது கேள்விக்குப் பதில் 'நிற்கும்' என்றால், அந்த ஊர் வில்லனுக்கு ஒட்டப்பட்ட வெறும் லேபிள்தான். அந்த லேபிளோடு வாடகை வீடு தேடுவதும் இன்டர்வியூவுக்குப் போவதும் அந்த ஊர்ப் பிள்ளைகள்.