ஒரு பொருளுக்கு ஒரு சொல்

போர்ட் கொச்சியில் டோபிகானா என்றோர் இடம் உண்டு. டச்சுக்காரர் காலத்தில் சலவைத் தொழிலுக்கென அழைத்து வரப்பெற்ற தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே துணி வெளுத்து வருகின்றனர். வீட்டிலே தமிழ், பள்ளியிலே மலையாளம் என்பது இத்தகைய குடும்பத்துப் பிள்ளைகளின் நிலை. மகள் கல்லூரிக்குச் செல்லும் பருவம் வந்ததும், பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தை அவள் படிக்கத் தந்தையார் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

மலையாளத்தில் 'வகுப்பு' என்பது நாம் துறை என்று வழங்குவதைக் குறிக்கும். 'அவதி' என்றால் விடுமுறை. நமக்கோ அது துன்பம். (விடுமுறையால் அவதியுற்ற மாணவரை நாம் கண்டதில்லை!) விண்ணப்பத்தை அங்கே 'அபேட்சை' என்பார்கள், நம் பழைய ஏடுகளோ தேர்தலில் நிற்பவரை 'அபேட்சகர்' என்று எழுதின. உறவு மொழிகளுக்குள் இத்தகைய மயக்கம் இயல்பே. சிறிது பழகினால் நீங்கிவிடும்.

நீங்காத மயக்கம் வேறொன்று உண்டு. எழுதுபவரே ஒரு மொழிக்குள் ஒரு பொருளுக்குப் பல பெயர் சூட்டுவது அது. பக்கத்தின் தலைப்பில் 'விண்ணப்பக் கட்டணம்', நடுவில் 'பதிவுத் தொகை', அடியில் 'நுழைவுக் கட்டணம்' என்று இருந்தால், செலுத்த வேண்டியது ஒரு முறையா, மும்முறையா? நாட்கூலியில் வாழும் வீட்டில் இது சொல்லாராய்ச்சி அன்று. பணத்தைப் புரட்டுவதற்குள் கடைசி நாள் கடந்துவிடும். வந்த சொல்லே மீண்டும் வருதல் நடைக்குக் குற்றம் என்று பள்ளியில் நமக்குக் கற்பித்தார்கள். கதைக்கு அது பொருந்தலாம். அறிவிப்புக்கு ஒருபோதும் பொருந்தாது. மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளராகிய நாம் சொற்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே பணி தொடங்குவது இதனாலேதான்.

இவ்வொழுங்குக்குக் கொச்சியிலேயே பழைய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. டச்சுக்காரரின் மலபார்ப் பகுதிக்குத் தலைவராயிருந்த வான் ரீடு தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' என்னும் மூலிகை நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் 742 தாவரங்கள் இடம்பெற்றுள்ளன. இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அறிஞர் மூவரும் செய்தி அளித்தனர். படங்களில் ஒரே செடியின் பெயரை மலையாளம், அரபு, நாகரி, உரோமன் எழுத்துகளில் காணலாம். எத்தனையோ கைகள், எத்தனையோ மொழிகள். எனினும் படம், பெயர், விளக்கம் என்னும் முறை குலையவில்லை.

நிறுவனத்தின் பெயர் மாறும்போதும் கவனம் வேண்டும். 1971-இல் தோன்றிய கொச்சிப் பல்கலைக்கழகம், 1986-இல் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆயிற்று. பேச்சு வழக்கில் அது 'குசாட்'. பழைய சான்றிதழை வைத்திருப்பவர் பழைய பெயரைக் கொண்டே தேடுவார். ஆகவே மூன்று பெயர்களும் ஒன்றையே குறிக்கும் என்பதை முதற்பக்கத்தில் ஒரு முறை கூறிவிட்டு, பின்னர் ஒரே பெயரை ஆளுதல் நன்று.

தேதியும் அவ்வாறே. 3-4 என்று எழுதினால் ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா என்னும் ஐயம் எழும். 'இவ்வாண்டு' என்பதோ அச்சுத்தாளில் பிழைத்துக்கொள்ளும். பல ஆண்டுகள் அழியாதிருக்கும் இணையப் பக்கத்தில் அது எந்த ஆண்டு? ஆண்டையும் மாதத்தையும் எழுத்தாலும் எண்ணாலும் முழுமையாகக் குறித்தல் வேண்டும்.

'இங்கே அழுத்துக' என்னும் தொடரையும் நாம் விரும்புவதில்லை. பார்வையற்ற மாணவர்க்குக் கணிப்பொறி பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறது. அவர் இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்கும்போது 'இங்கே, இங்கே, இங்கே' என்றே செவியில் விழும். 'விடுதி விண்ணப்பப் படிவம்' என்று எழுதினால் அவருக்கும் விளங்கும்; மகள் படிக்கக் கேட்டிருக்கும் தந்தையாருக்கும் விளங்கும்.