'தர இயலாது' என்றால் முடிந்துவிட்டதா?

சென்ற ஞாயிறன்று நண்பர்கள் நால்வர் சந்திரகிரிக் கோட்டைக்குப் போயிருந்தோம். ராஜமகாலின் நிழலில் அமர்ந்திருந்தபோது ஒரு நண்பர் தம் மனக்குறையைச் சொன்னார். தாம் எழுதிய தேர்வு ஒன்றின் விடைத்தாளைக் காட்டுமாறு தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்தாராம். "இரகசியம், தர இயலாது" என்று ஒரே வரியில் பதில் வந்ததாம். "அரசர் காலத்தில் ஏடுகள் அரண்மனைக்குச் சொந்தம். இன்றும் அப்படித்தானா?" என்று கேட்டார்.

இல்லை, தோழர்களே! நான் விஞ்ஞான மாணவன். சட்டம் பயின்றவன் அல்லன். ஆயினும் அன்றிரவே சட்டத்தைப் புரட்டினேன். கண்டதைச் சொல்கிறேன்.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பொதுத் தகவல் அலுவலர் முப்பது நாட்களுக்குள் பதில் தரவேண்டும். மறுப்பதாயின் மூன்று செய்திகளை எழுதியாக வேண்டும்: மறுப்புக்குக் காரணம், மேல்முறையீட்டுக்கு உரிய கெடு, எவரிடம் முறையிடுவது என்பது. எட்டாம் பிரிவு சில விலக்குகளை வகுத்துள்ளது. அவற்றில் எது பொருந்துகிறது என்று காட்டவேண்டும். வெறும் 'இரகசியம்' காரணமாகாது. ஆய்வுக்கூடத்தில் அளவீடு எதுவுமின்றி முடிவை மட்டும் எழுதிக் கொடுத்தால் நம் ஆசிரியர் ஏற்பாரா? சட்டமும் ஏற்பதில்லை. மறுப்பு சரியே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு மறுத்தவரைச் சார்ந்தது, கேட்டவரைச் சார்ந்ததன்று.

மறுப்புக் கிடைத்த முப்பது நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் பயனில்லையேல் தொண்ணூறு நாட்களுக்குள் தகவல் ஆணையத்தை அணுகலாம். அதற்கும் மேலே?

இங்கேதான் பலர் மயங்குகின்றனர். சட்டத்தின் 23ஆம் பிரிவு, இவ்வாணைகளை எதிர்த்து நீதிமன்றங்களில் வழக்குத் தொடுப்பதைத் தடுக்கிறது. ஆனால் அரசியல் சட்டத்தின் 226ஆம் விதி உயர்நீதிமன்றத்துக்கு வழங்கிய நீதிப்பேராணை அதிகாரத்தை அது பறிக்க இயலாது. ஆந்திரத்தில் வாழும் நமக்கு, 2019 முதல் அமராவதியில் இயங்கும் உயர்நீதிமன்றமே அந்த வாயில். நீதிமன்றம் எல்லாவற்றையும் புதிதாக விசாரிப்பதில்லை. காரணம் காட்டப்பட்டதா, விலக்கு முறையாகப் பொருத்தப்பட்டதா என்று பார்க்கிறது. புலனாய்வு நடக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, தகவலைத் தந்தால் அது எவ்வாறு தடைப்படும் என்று காட்டவேண்டும் என 2007இல் டெல்லி உயர்நீதிமன்றம் கூறியது இந்த நோக்கில்தான்.

நம் நண்பரின் குறைக்கு நேரான வழக்கே ஒன்று உண்டு. 2008இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் தேர்வெழுதிய மாணவர் ஒருவர் தம் விடைத்தாளைப் பார்க்கக் கேட்டார். வாரியம் மறுத்தது. அவர் கல்கத்தா உயர்நீதிமன்றம் சென்றார், 2009இல் வென்றார். வாரியம் விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2011 ஆகஸ்டு 9 அன்று தீர்ப்பு வந்தது: திருத்தப்பட்ட விடைத்தாளும் 'தகவலே', எழுதியவர் அதைப் பார்வையிடலாம், நகலும் பெறலாம். திருத்தியவரின் பெயர் மட்டும் அவரது பாதுகாப்புக் கருதி மறைக்கப்படும்.

வெற்றிக்கும் எல்லை உண்டு. மறுமதிப்பீட்டை இச்சட்டத்தின்படி கேட்க முடியாது. குடிமைப்பணி முதனிலைத் தேர்வின் மதிப்பெண் விவரங்களைக் கேட்ட வழக்கில், 2018இல் அதே உச்ச நீதிமன்றம் தேர்வாணையத்தின் பக்கம் நின்றது. நீதிமன்றம் தராசு, ஒரே தட்டு எப்போதும் தாழ்வதில்லை.

இன்னொன்று: விடைத்தாளைப் பாதுகாத்து வைக்கும் காலம் வரையில்தான் கேட்க இயலும். அவ்வாரியத்துக்கு அன்று அக்காலம் மூன்றே மாதம். அழிக்கப்பட்ட தாளை எந்த நீதிபதியாலும் மீட்டுத் தர முடியாது. ஆகவே, காலம் தாழ்த்தாதீர்கள்.

நம்மவர்க்கு ஒரு குறிப்பு. விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ அப்பகுதியின் ஆட்சிமொழியிலோ இருக்கவேண்டும். தெலுங்கு எழுத வராத நம்மவர் ஆங்கிலத்தில் எழுதினால் அதைத் தள்ள இயலாது.

நண்பருக்குப் பதில் வந்து இன்று இருபதாம் நாள். முதல் மேல்முறையீட்டை நேற்றிரவு விடுதியில் அமர்ந்து எழுதி முடித்தோம். நாளைக் காலை பதிவு அஞ்சலில் சேர்த்துவிடுவோம்.