மனச்சுமையும் சுமைதாங்கியும்

தமிழ்நாட்டின் பழைய சாலையோரங்களில், இரண்டு கற்றூண்களை நிறுத்தி அவற்றின்மேல் ஒரு பலகைக்கல்லைக் கிடத்தியிருப்பதை இன்றும் ஆங்காங்கே காணலாம். சுமைதாங்கி என்பது அதன் பெயர். தலைச்சுமையோடு நெடுவழி நடப்போன் அதனைத் தரையில் இறக்கிவிட்டால், மீண்டும் தூக்கிவைக்கப் பிறர் கை வேண்டும். உயர்ந்து நிற்கும் இக்கல்லின்மேலோ தானே இறக்கவும், இளைப்பாறியபின் தானே ஏற்றவும் இயலும். உடலின் சுமைக்கு இத்துணை எளிய வழி கண்ட மாந்தர், உள்ளத்தின் சுமைக்கு யாது வழி கண்டனர் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மனச்சுமை உடையானை நோக்கி உலகத்தார் முதற்கண் கூறும் அறிவுரை, ‘மறந்துவிடு’ என்பதே. அஃது எளிதன்று. 1987-ஆம் ஆண்டில் வெக்னர் என்னும் அமெரிக்க உளநூலாரும் அவர்தம் துணைவரும் மாணாக்கர் சிலரை அழைத்து, ஐந்து நிமிடம் வெண்கரடியை நினையாதிருக்குமாறு பணித்தனர். நினைவு வருந்தோறும் மணியடிக்கவும் சொல்லினர். மணி மீண்டும் மீண்டும் ஒலித்தது. அதன்பின் நினைக்கலாமென விடை கொடுத்தபோதோ, தொடக்கத்திலேயே நினைக்க விடப்பட்டவரினும் இவர்கள் அக்கரடியை மிகுதியாக நினைந்தனர். அடக்கிய எண்ணம் அழிந்துபோவதில்லை. கதவடைத்த வீட்டின் வாயிலிலேயே காத்திருக்கிறது. ஆதலின், மறக்க முயல்வதன்று, முறையாக இறக்கிவைப்பதே நாம் கற்கவேண்டுவது.

இறக்கும் முறையை அறிவதற்கு முன், சுமை இன்னதெனப் பகுத்தறிதல் வேண்டும். மனச்சுமை பெரும்பாலும் மூவகைப்படும். நாம் பிறர்க்குச் செய்த தீங்கால் வருவது குற்றச்சுமை; பிறர் நமக்குச் செய்த தீங்கால் வருவது பகைச்சுமை; ஒருவர் தீங்கும் இன்றி, இழப்பினால் வருவது துயரச்சுமை.

குற்றச்சுமை இறங்குதற்கு இரங்குதல் மட்டும் போதாது, ஈடுசெய்தலும் வேண்டும். ஆயக்காரனாகிய சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திரும்பக் கொடுப்பேன் என்று எழுந்து நின்றான் என்பதை லூக்கா சுவிசேஷத்தில் காண்கிறோம். 1678-இல் வெளிவந்த ஜான் பனியனுடைய பரதேசியின் மோட்சப் பிரயாணத்தில், யாத்திரிகனின் முதுகுச்சுமை சிலுவையண்டையில் தானே கழன்று உருள்கிறது. அக்கதையைத் தழுவிக் கிருஷ்ணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்து, தமிழரும் தம் செய்யுள் நடையிலேயே அதனைச் சுவைக்கச் செய்தது. ஆயினும், சுமை இறங்கியதும் யாத்திரிகனின் பயணம் முடிந்துவிடவில்லை என்பது கருதத்தக்கது.

பகைச்சுமைக்கு மருந்து மன்னித்தல். வள்ளுவர் இல்லறத்தார்க்குப் பொறையுடைமையையும், துறவறத்தார்க்கு வெகுளாமையையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்தனர். ஆனால், மன்னித்தல் என்பது தீங்கைத் தீங்கன்று எனல் அன்று. யோசேப்பு தன்னை விற்ற தமையன்மாரை உடனே தழுவிக்கொள்ளவில்லை. அவர்கள் உள்ளம் மாறியதோ எனச் சோதித்தறிந்த பின்னரே தன்னை வெளிப்படுத்தி அழுதான். அவர்கள் செய்ததை மறைத்துப் பேசவும் இல்லை. வலியார் இழைத்த கொடுமையால் நொந்த எளியாரிடம், ‘பொறுத்துப்போ’ என்று மட்டும் கூறி அக்கொடுமையைத் தொடரவிடுதல், அவர் தலைமேல் மற்றுமொரு சுமையை ஏற்றுதலேயாம். மன்னிப்பு நெஞ்சின் கசப்பை நீக்கும், நீதியை நீக்காது.

துயரச்சுமையோ முற்றும் இறங்குவதன்று. பிறர் உடனிருப்பதால் இலேசாவது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாது அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தனர். அவர்கள் செய்தவற்றுள் நன்றானது அதுவே. வாய்திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதுதான் அவனுக்கு வேதனையாயினர்.

அருகில் கேட்பார் இல்லாதபோது எழுதுகோலும் ஒருவாறு துணையாகும். 1986-இல் பென்னிபேக்கர், பீல் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாணாக்கர் சிலர் தொடர்ந்து நான்கு நாள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், தம்மை வருத்திய நிகழ்ச்சிகளை எழுதினர். நடந்ததையும் அதனால் உற்ற உணர்ச்சியையும் சேர்த்து எழுதியோர், எழுதியவுடன் மனம் சோர்ந்தாராயினும், பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைவாக இருந்தது. பிற்காலத்து ஆராய்ச்சிகள் பலவற்றைத் தொகுத்து நோக்கியோர், இப்பயன் உண்டெனினும் சிறிதே என்பர். ஆதலின், உறக்கமும் ஊணும் கெட்டு, உயிர்வாழ்வே வெறுக்குமளவு துயர் முற்றியவர்க்கு எழுத்தும் அறிவுரையும் போதா. தக்க மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்லுதல் நண்பர் கடன். அதில் நாணத்தக்கது யாதுமில்லை.

நிற்க. சுமைதாங்கியைப்பற்றிச் சொல்லவேண்டுவது இன்னும் ஒன்றுண்டு. கருவுற்ற நிலையில் உயிர்நீத்த மகளிரின் நினைவாக, அவர்தம் சுற்றத்தார் இக்கல்லை நாட்டுதல் முன்னாளில் நம் நாட்டு வழக்கமாக இருந்தது. சுமந்தது இறங்காமலே மறைந்தாள் ஒருத்தி. அவளை இழந்தோர், வழிச்செல்வோர் சுமையேனும் இறங்குக என்று கல் நிறுத்தினர். தம் துயரை அவர்கள் மறக்கவுமில்லை, அதனடியில் நசுங்கவுமில்லை. முகமறியார்க்கு அதனை இளைப்பாறுமிடம் ஆக்கினர். நம்மோடு ஒரே வகுப்பிலும் விடுதியிலும் வாழ்வோருள் யார் எச்சுமை தாங்கி நடக்கின்றனர் என்பதை நாம் அறியோம். தன் சுமையை இறக்கக் கற்றவன், அவர்க்கு ஒரு சுமைதாங்கியாக நிற்கவும் கற்பானாக.