சுதேசிக் கப்பல் கம்பெனி

புதிய வாணிக நிறுவனத்திற்கு முதல் வேண்டும். மக்களின் நம்பிக்கை அதனினும் வேண்டும். வ. உ. சிதம்பரனார், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடக் கருதி, 1906-ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கொன்றின் விலை 25 ரூபாயே. ஆதலின் பலர் பங்கு கொள்ள இயன்றது. தம் பங்குள்ள கப்பலைத் தமதென்றே மக்கள் போற்றினர். அதனினும் சிறந்த விளம்பரம் யாது?

போட்டியிட்ட ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவும் ஏற்றிச் செல்ல முற்பட்டது. அப்பொழுதும் சுதேசிக் கப்பலையே நாடினோர் பலர். ஆயினும், 1908-இல் அரசாங்கம் சிதம்பரனாரைச் சிறையிலிட்டதும் நிறுவனம் தளர்ந்தது, 1911-இல் கலைக்கப்பட்டது.

மாணவர்களே! ஆலமரம் அகன்று நிற்பது விழுதுகளின் வலிமையால் அன்றோ? தலைவரின் சுமையைத் தாங்கவல்லார் பலரைத் தொடக்கத்திலேயே ஆக்கிக்கொள்ளுதல் இளநிறுவனத்தின் கடமையாகும்.